தோணியும் ஏடும்: கொட்டியாரக் கரையிலிருந்து ஒரு மறுநோக்கு

ஈழத்துத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியை எழுதப் புகுவோர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்னும் கதையைக் குறிப்பிடாது மேற்செல்வது அரிது. திருகோணமலை மாவட்டத்து மூதூரிலே 1925ஆம் ஆண்டிற் பிறந்து 2001ஆம் ஆண்டில் மறைந்த இராசரத்தினம், தொழிலால் ஆசிரியர். அக்கதையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1962ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. சொந்தத் தோணியில்லாத மீனவக் குடும்பத்துப் பிள்ளையொருவன், தனக்கென ஒரு தோணி வேண்டுமென்ற ஏக்கத்துடனேயே வளர்ந்து இளைஞனாகின்றான். அவன் மனத்தில் இடங்கொண்ட பெண்ணோ தோணியுடைய ஒருவனுக்கு மனைவியாகின்றாள். கதையின் எலும்புக்கூடு இவ்வளவே. ஆயினும், கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்தவனுக்குக் கடலின்மீது உரிமையில்லை என்னும் உண்மை அதில் அழுத்தமாகப் பதிந்துள்ளது.

இக்கதை இருவகையாக நோக்கப்படுவது வழக்கம். மண்வாசனை இலக்கியத்தின் சிறந்த எடுத்துக்காட்டாக அதனைப் பாராட்டுவது ஒரு நோக்கு. உழைப்புக் கருவி உழைப்பவனுக்குச் சொந்தமாகாத சமூக அமைப்பின் மீதான கண்டனமாக அதனைக் கொள்வது மற்றொரு நோக்கு. இரண்டும் பொருத்தமானவையே. ஆனால் இவ்விரண்டிலும் எழாத வினா ஒன்றுண்டு. கதையை எழுதியவர் பள்ளி ஆசிரியர். கதை நூலுருப் பெற்ற காலமோ, இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து பதினேழு ஆண்டுகள் கழிந்த காலம். இருந்தும் அக்கதையின் நாயகனுக்கு விமோசனமாகத் தோன்றுவது தோணியே, ஏடன்று. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஒருவர், அத்தகைய பிள்ளையொருவனின் கனவை வரையும்போது கல்வியை அக்கனவின் மையத்தில் வைக்கவில்லை. இது ஏன்?

இதனை ஆசிரியரின் குறைபாடாகக் கருதுவது எளிது. அது தவறாகவும் முடியும். பிள்ளையின் ஆசை வானத்திலிருந்து இறங்குவதில்லை. தன் கண்முன்னே எவ்வழியால் மனிதர் கரையேறுகின்றனரோ, அவ்வழியையே அது விரும்புகின்றது. தோணியுடையவன் உயர்வதை அப்பிள்ளை நாள்தோறும் காண்கின்றது. படித்து உயர்ந்தவனை அது தன் கரையிற் காண்பதில்லை, கண்டாலும் அவன் சென்ற வழி தனக்கும் உரியதென அதற்குத் தோன்றுவதில்லை. ஆகவே 'தோணி'யின் மௌனம் கல்வியை மறந்த மௌனமன்று. கல்வி எட்டாத இடத்தை உள்ளபடி காட்டிய மௌனமென்றே அதனைக் கொள்ளல் வேண்டும். இந்நோக்கில், கடந்த எண்பது ஆண்டுக் கல்விக் கொள்கைகளை அளந்து பார்ப்பதற்கான அளவுகோலொன்றும் அக்கதையிற் கிடைக்கின்றது. பாடசாலை இலவசமா என்பதோடு அவ்வளவுகோல் நின்றுவிடுவதில்லை. பாடசாலைக்குக் கொண்டு சேர்க்கும் தோணி யாருடையது என்பதே அது எழுப்பும் வினா.

இவ்வினா வெறும் உருவகமன்று என்பதைக் கொட்டியாரக் கரையின் நிலவமைப்பே காட்டும். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அதன்மேற் கண்வைத்தோர் பலர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. 1957 வரை அது பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. சீனன்குடாவில் அக்காலத்தில் எழுந்த பாரிய எண்ணெய்க் குதங்கள் இன்றும் வல்லரசுகளின் பேச்சுக்குப் பொருளாகின்றன. இத்துறைமுகத்துக்குத் தெற்கே, அதே நீர்ப்பரப்பின் மறுகரையிலே, மூதூரும் தோப்பூரும் சம்பூரும் கட்டைபறிச்சானும் கிடக்கின்றன. அப்பால் ஈச்சிலம்பற்றும் வெருகலும். மகாவலி கங்கை கடலொடு கலக்குமிடமும் இதுவே. ஆறும் களப்பும் உப்பாறும் ஊர்களைத் துண்டு துண்டாகப் பிரித்துள்ளன. கிழக்கிலங்கைப் பேச்சுவழக்கில் 'பாதை' என்னும் சொல் தெருவை மட்டும் குறிப்பதன்று. ஆற்றைக் கடக்க உதவும் மிதவையையும் அது குறிக்கும். அங்கே வழியென்பதே நீரைக் கடத்தல்தான் என்பதற்கு இச்சொல்லொன்றே போதிய சான்றாகும். கப்பல்களுக்கு வழிவிட்ட அந்நீர்ப்பரப்பு, அதன் கரையிலே பிறந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலம் தடையாகவே இருந்தது.

இனி, அக்கரைக்கு வந்த கல்விக் கொள்கைகளை நோக்கலாம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலமைந்த கல்வி விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி என்னும் கொள்கை 1945 ஒக்டோபர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இத்திட்டத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் கட்டண ஒழிப்பையே முதன்மைப்படுத்துவர். ஆனால் அத்திட்டத்தின் உயிர்நிலை வேறோரிடத்தில் இருந்தது. நாட்டுப்புறங்களில் நிறுவப்பட்ட மத்திய பாடசாலைகளும், ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை மூலம் தெரிவுசெய்யப்பட்ட வறிய பிள்ளைகளுக்கு அங்கே விடுதியும் உணவும் வழங்கிய புலமைப்பரிசிலுமே அவ்வுயிர்நிலை எனலாம். கிராமத்துப் பிள்ளைக்குக் கல்வி மறுக்கப்படுவது கட்டணத்தினால் மட்டுமன்று, தூரத்தினாலும் பசியினாலும் என்பதை அவ்வேற்பாடு உணர்ந்திருந்தது. துறையைத் திறந்ததோடு நில்லாது தோணியையும் கொடுக்க முனைந்தமையே அதன் சிறப்பு. கிழக்கில் இவ்வுண்மையை அதற்கு முன்னரே செயலிற் கண்டவர் சுவாமி விபுலாநந்தர். 1925இல் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பு இராமகிருஷ்ண மிஷனுக்கு வந்தபின் அங்கே பணியாற்றிய அவர், 1929இல் மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் அளிக்காது கல்விப்பணி நிறைவுறாதென்பதை அத்தலைமுறையினர் அறிந்திருந்தனர்.

காலப்போக்கில் நிகழ்ந்தது யாது? கட்டணமின்மை நிலைத்தது, தோணி மறைந்தது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை இன்றும் நடைபெறுகின்றது. ஆயினும் வறிய பிள்ளையைக் கரையேற்றும் கருவியாகத் தொடங்கிய அது, நகரத்துப் புகழ்பெற்ற பாடசாலைகளில் இடம்பிடிக்கும் போட்டியாக உருமாறிவிட்டது. தனியார் வகுப்பும் பயிற்சிநூலும் பெற்றோரின் ஓய்வு நேரமும் வாய்த்த பிள்ளைகளே அதில் முந்துகின்றனர். 1980 முதல் பாடநூல் இலவசம். 1993 முதல் சீருடையும் இலவசம். இவை பெறுமதியற்றவையல்ல. ஆயின் சீருடை அணிந்த பிள்ளை பாடசாலையை அடைதல் எவ்வாறு, அடைந்தபின் அங்கே கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் உளரா என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடையில்லை. 'கஷ்டப் பிரதேசம்', 'அதிகஷ்டப் பிரதேசம்' என்னும் நிருவாகச் சொற்கள் இவ்விடத்தில் ஆராயத்தக்கவை. அவை ஆசிரியர் படும் கஷ்டத்தை அளக்கின்றன. அதற்கேற்ப அவருக்குச் சலுகையும் இடமாற்ற உரிமையும் உண்டு. அதே பிரதேசத்திற் பிறந்த பிள்ளைக்கு இடமாற்றமில்லை. க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. ஆகையால் சிறு கிராமத்துப் பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பின், முதலில் ஊரைவிட்டு வெளியேறும் வசதி அதற்கிருத்தல் வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியில் இவ்வேற்றத்தாழ்வைச் சரிசெய்யவே மாவட்டக் கோட்டா ஏற்பட்டதெனக் கூறப்படும். 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியும், அதன் அரசியல் விளைவுகளும் நன்கறியப்பட்டவை. 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவோ சிக்கலான ஓர் உண்மையைக் கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அது இழப்பாக உணரப்பட்டது; திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டங்களில் அது வாயிலொன்றைத் திறந்தது. இன்றைய முறையிலும் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலதிகமாகப் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஐந்து வீதம் ஒதுக்கப்படுகின்றது. திருகோணமலை அப்பட்டியலில் உண்டு. ஆயினும் இவ்வொதுக்கீட்டின் அலகு மாவட்டமே. திருகோணமலை நகரின் பெரிய கல்லூரியொன்றிற் படிக்கும் உத்தியோகத்தர் மகனும், வெருகலில் வயல் கூலியின் மகளும் அதன் கண்ணுக்கு ஒரே பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளே. பின்தங்கியோர் பெயரால் வந்த இடத்தைப் பின்தங்கிய மாவட்டத்தின் முன்னேறியோர் பெறுதல் இயல்பாகின்றது. சம்மாட்டிக்கும் கூலிக்கும் ஒரே கடல்தான். அதனால் இருவர் நிலையும் ஒன்றாவதில்லை. 'தோணி'யை எழுதியவர் கண்ட இவ்வேறுபாட்டைக் கோட்டா முறை காணவில்லை.

கொள்கைகளின் நிலை இதுவாயின், சட்டத்தின் நிலை யாது? பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், ஐந்து முதற் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வியை 1998 முதல் நடைமுறைப்படுத்தின. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்ந்தது. ஆனால் பிள்ளையை வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது பதினான்காகவே நீடித்து, 2021இல்தான் பதினாறாக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலையில் இருத்தல் வேண்டுமென ஒரு சட்டமும், அதே பிள்ளையை வேலைக்கு அமர்த்தலாமென வேறொரு சட்டமும் ஒருங்கே நிலவின. இம்முரண் கவனக்குறைவால் மட்டும் எழுந்ததன்று. பிள்ளையின் படிப்பையும் வீட்டின் வறுமையையும் வெவ்வேறு பொருள்களாகக் கருதும் மனப்போக்கே அதன் வேர்.

அதனினும் ஆழமான குறையொன்றுண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, யாவருக்கும் கல்வியிற் சமவாய்ப்பு என்பதை 27ஆம் உறுப்புரையிலே அரச கொள்கையின் வழிகாட்டு நெறியாகக் கூறுகின்றது. ஆனால் அந்நெறிகள் நீதிமன்றத்தில் நிலைநாட்டத்தக்க உரிமைகளல்லவென 29ஆம் உறுப்புரை உடனேயே வரையறுத்துவிடுகின்றது. கட்டாயக் கல்வி விதிகளோ பிள்ளையை அனுப்பும் கடமையைப் பெற்றோர்மீது சுமத்துகின்றன. ஆகவே, பிள்ளை பாடசாலைக்குச் செல்லாவிடின் தகப்பனிடம் கேள்வி கேட்கலாம். பாடசாலையில் ஆசிரியர் இல்லையெனின் அப்பிள்ளை அரசிடம் கேள்வி கேட்பதற்கு நேரான வழியில்லை. பிள்ளையின் வரவு ஒவ்வொரு நாளும் பதியப்படுகின்றது. பாடசாலையின் வரவைப் பதியும் இடாப்பு எதுவுமில்லை. கடமை ஏழையிடமும் விருப்பம் அரசிடமும் இருக்கும் ஏற்பாட்டை உரிமையென அழைத்தல் பொருந்தாது.

ஒப்புநோக்கிற்கு அயல்நாட்டின் சட்டமொன்றை இங்கு கருதலாம். இந்தியா 2002இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி, ஆறு முதற் பதினான்கு வயதினரின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கான சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் மாதிரி விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீற்றர் நடைத்தூரத்துள்ளும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான பள்ளி மூன்று கிலோமீற்றருள்ளும் இருத்தல் வேண்டுமென்றன. பள்ளியில்லாச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்தோ தங்குமிடமோ அளிக்கப்படல் வேண்டுமெனவும் கூறின. நடைமுறையில் அச்சட்டத்திற் குறைகள் பலவுண்டு. எனினும் அது தூரத்தைப் பெயர்சொல்லி அழைத்தது. கல்வியுரிமை என்பது கடக்கும் உரிமையுமாகும் என்பதைச் சட்டத்தின் மொழியிலே எழுதியது. தமிழ்நாட்டிற் காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் இவ்வகையினதே. பசித்த வயிறும் பள்ளிக்கும் பிள்ளைக்கும் இடைப்பட்ட ஆறென்பதை அது ஏற்றுக்கொண்டது.

கொட்டியாரக் கரையில் இக்குறைகளின் மேல் போரும் வந்து சேர்ந்தது. 1985, 1990 ஆகிய ஆண்டுகளின் இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26இன் கடற்கோள், மாவிலாற்றில் தொடங்கி மூதூரையும் சம்பூரையும் சூழ்ந்த 2006ஆம் ஆண்டின் போர் என ஒன்றன்பின் ஒன்றாக அழிவுகள் நிகழ்ந்தன. சம்பூர் மக்கள் 2006இல் வெளியேறி, கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம் வாழ்வை ஏற்றனர்; அவர்தம் நிலம் திரும்பக் கிடைத்தது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே. ஓர் எளிய கணக்கு இவ்விடத்தில் போதும். இடம்பெயர்ந்த ஆண்டிற் பிறந்த பிள்ளைக்கு ஊர் திரும்பும்போது வயது பத்து. ஐந்தாம் தரப் பரீட்சைக்குரிய வயதும் அதுவே. தகரக் கொட்டிலில் எழுத்தறிந்த அப்பிள்ளையும், நகரத்தில் நான்கு ஆண்டு தனியார் வகுப்புக்குச் சென்ற பிள்ளையும் அமர்ந்தது ஒரே பரீட்சையில். சமவாய்ப்பு என்னும் சொல்லின் வெறுமையை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

போருக்குப் பின் பாலங்கள் வந்தன என்பது உண்மை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. 2011இல் மூதூர் வீதியின் ஏனைய நீர்த்துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. 'பாதை'க்காகக் காத்துக்கிடந்த காலம் முடிந்ததென்று மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் பெருவீதியை விட்டுச் சற்று விலகிய இடத்தில் அக்காலம் முடியவில்லை. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை நடைபெற்ற காலத்தில், நீரைக் கடக்க மிதவையொன்று பயன்பட்டது. 2021 நவம்பர் 23ஆம் நாட் காலை, அம்மிதவை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். பெற்றோர் தம் கடமையைச் செய்திருந்தனர், பிள்ளைகளை அனுப்பியிருந்தனர். பிள்ளைகளும் தம் கடமையைச் செய்திருந்தனர், புறப்பட்டிருந்தனர். பாடநூலும் சீருடையும் இலவசமாகவே இருந்தன. இல்லாதிருந்தது பாதுகாப்பான தோணி ஒன்றே.

இந்நிகழ்வின்பின், வறிய கிராமத்துப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை என்னும் பழைய வாதம் நிற்கவியலாது. மூதூரிலும் கிண்ணியாவிலும் தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குச் சென்ற வீடுகளிலே, மூத்த மகள் தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் நிற்கின்றாள். கரைவலை இழுக்கும் பருவத்திலே பையன் ஒருவன் கடற்கரைக்குச் சென்றால் அன்றைய சோற்றுக்கு ஒரு பங்கு கிடைக்கும். இவை அக்கறையின்மையின் அடையாளங்களல்ல, கணக்குகள். நாளைய பயன் நிச்சயமற்றதாயும் இன்றைய இழப்பு நிச்சயமானதாயும் இருக்கும்போது ஏழை போடும் கணக்கு வேறாக அமையாது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறை திறன்பேசிக்கு மாறியபோதும், 2022இல் எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் இதே உண்மை வேறுருவில் வெளிப்பட்டது. கருவி யாரிடமிருந்ததோ அவர் பிள்ளை கற்றது; ஏனைய பிள்ளைகள் கரையில் நின்றன.

இவ்விடத்தில் மீண்டும் கதைக்குத் திரும்புதல் தகும். 'தோணி' கல்வியைப் பற்றிய கதையன்று. அதனை அவ்வாறு ஆக்க முனைவது விமர்சனமாகாது. ஆயினும் நல்ல படைப்பு தான் சொல்லவந்ததற்கு அப்பாலும் ஒளி வீசும். உரிமையென்பது அருகிலிருப்பதன்று, கையிலிருப்பது என்பதை அக்கதை உணர்த்துகின்றது. கடலருகே பிறந்தவனுக்குக் கடல் சொந்தமாகாதவாறே, பாடசாலையின் பெயர் எழுதப்பட்ட வரைபடத்துள்ளே பிறந்த பிள்ளைக்குக் கல்வி தானாகவே சொந்தமாகிவிடாது. கன்னங்கரா திட்டத்தின் விடுதியும் உணவும் மீட்கப்படுதல், ஒதுக்கீட்டின் அலகு மாவட்டத்திலிருந்து கிராமத்துக்கும் குடும்பத்தின் நிலைக்கும் இறங்குதல், கல்வி வழிகாட்டு நெறி என்னும் நிலையிலிருந்து நீதிமன்றத்திற் கோரத்தக்க அடிப்படை உரிமையாதல், பாடசாலைக்குச் செல்லும் வழியைப் பாடசாலையின் பகுதியாகவே கொள்ளுதல் ஆகியவை இந்நோக்கின் நேரான முடிவுகள்.

பல்கலைக்கழகத்திலே ஈழத்து இலக்கியத்தைப் பயில்வோர், மண்வாசனைக்கு எடுத்துக்காட்டாக 'தோணி'யை எழுதிப் பரீட்சையிற் சித்தியடைகின்றனர். அவ்வாறு எழுதும் கைகளுள் கொட்டியாரக் கரையிலிருந்து வந்தவை எத்தனை என்பது, அக்கதை இன்னும் விடைக்காகக் காத்திருக்கும் வினா. ஏட்டை விரும்பிய பிள்ளை அதனைத் தோணியின்றி அடையக்கூடிய காலம் வரும்வரை, இராசரத்தினத்தின் கதை பழைய கதையாகாது.